இணையப் பக்கத்தின் ஓரத்தில் எழுதப் பழகுவோம்

இணையத்தில் வாசித்த ஒன்றைப் பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைக்க நம்மில் பலருக்குத் தெரிந்த வழி இரண்டுதான். ஒன்று ஸ்கிரீன்ஷொட். மற்றது, லிங்கைத் தனக்குத் தானே வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் போனைத் திறந்தால், கலியாண வீட்டுப் படங்களுக்கும் டியூஷன் நேர அட்டவணைக்கும் நடுவே இப்படி எடுத்து வைத்தவை குவிந்து கிடக்கும். சோதனை நெருங்கியதும் "இதை எங்கயோ வாசிச்சனான், எங்கயெண்டுதான் தெரியேல்லை" என்ற பேச்சு தொடங்கிவிடும். வாசித்தது உண்மை, எடுத்து வைத்ததும் உண்மை. அந்தப் பக்கத்தில் எந்த வரிக்காக எடுத்து வைத்தோம், அப்போது மனதில் என்ன ஓடியது என்ற இரண்டும் மட்டும் எங்கும் பதியப்படவில்லை.

அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நல்லவை பல இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழிலும் எழுதலாம். அவை எப்படி வேலை செய்கின்றன, எதைத் தெரிவு செய்வது, தமிழில் வாசிப்பவர்கள் எந்த இடங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஓரக்குறிப்பு என்றால் என்ன?

சொந்தப் புத்தகம் என்றால் பென்சிலால் அடிக்கோடிட்டு ஓரத்தில் இரண்டு சொல் எழுதுவோம். இணையப் பக்கம் அப்படி நம் கைக்குள் இருப்பதல்ல. அது வேறு யாரோ ஒருவரின் சேவையகத்தில் (சேர்வரில்) இருக்கிறது. அதில் நாம் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. ஓரக்குறிப்புக் கருவி செய்வது இதுதான்: நாம் எழுதும் குறிப்பைத் தனியாக ஓரிடத்தில் சேமித்துக்கொள்கிறது, அந்தப் பக்கத்தை நாம் மறுபடி திறக்கும்போது, நம் உலாவியில் (பிரவுசரில்) அந்த வரியின் மேல் நிறம் பூசி, பக்கத்தில் குறிப்பை விரித்துக் காட்டுகிறது. மூலப் பக்கம் மாறுவதில்லை. அதை நடத்துபவருக்கு நாம் குறிப்பு எழுதியது தெரியவும் தேவையில்லை.

உலாவியில் நட்சத்திரக் குறியை அழுத்திப் பக்கத்தைச் சேமிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். ஒருவர் தன் வீடு காலி வீதிக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொன்னால் கொள்ளுப்பிட்டியில் இருந்து தெஹிவளை வரை தேடலாம். எந்த ஒழுங்கை, எத்தனையாம் இலக்கம், அடுத்த வீடு யாருடையது என்று சொன்னால் நேரே கதவைத் தட்டலாம். பக்கத்தைச் சேமிப்பது முதலாவது, ஓரக்குறிப்பு இரண்டாவது.

ஆகவே ஓர் ஓரக்குறிப்பில் மூன்று பொருள்கள் உண்டு: பக்கத்தின் முகவரி, அந்தப் பக்கத்தில் நாம் தெரிவு செய்த வரி, அதைப் பற்றி நாம் எழுதிய சொல். உலகளாவிய வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பெப்ரவரியில் ஓரக்குறிப்புக்கான பொதுத் தரத்தை வெளியிட்டபோது ஏறத்தாழ இந்த அமைப்பைத்தான் எழுதி வைத்தது. குறிப்பின் உள்ளடக்கம் ஒரு பக்கம், அது சுட்டும் இலக்கு மறுபக்கம். இந்தத் தரத்தைப் பின்பற்றும் கருவியில் எழுதிய குறிப்பு, அந்தக் கருவியோடு மட்டும் கட்டுண்டு போகாது. இதன் அருமை கட்டுரையின் பிற்பகுதியில் தெரியும்.

இந்த ஆசை புதிதல்ல. 1945இலேயே வன்னெவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் மெமெக்ஸ் என்ற மேசை இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். நுண்படச் சுருளில் உள்ள பக்கங்களை வாசிப்பவர் அவற்றின் ஓரத்தில் எழுதலாம், ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். 1993இல் வந்த மொசைக் உலாவியிலும் பக்கத்துக்குக் குறிப்பு எழுதும் வசதி இருந்தது. பலரும் ஒரே பக்கத்தில் எழுதிப் பகிர்வதை மட்டும் அப்போது நிறைவேற்ற முடியவில்லை. எல்லோருடைய குறிப்புகளையும் தாங்க ஒரு பெரிய சேவையகம் தேவைப்பட்டது, அது அன்று கைக்கெட்டவில்லை.

அந்த வரியைக் கருவி எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறது?

இந்தப் பகுதியை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. பக்கத்தில் உள்ள ஒரு வரிக்கு இலக்கம் கிடையாது. போனில் திறந்தால் ஒரு நீளம், கணினியில் திறந்தால் இன்னொரு நீளம். விளம்பரம் ஒன்று புதிதாக நுழைந்தால் எல்லாம் கீழே தள்ளப்படும். ஆகையால் "மேலிருந்து பத்தாவது வரி" என்று குறித்து வைப்பதில் பயனில்லை.

நல்ல கருவிகள் வரியின் சொற்களையே அப்படியே எழுதி வைத்துக்கொள்கின்றன. அதோடு அதற்குச் சற்று முன்னால் இருந்ததையும் பின்னால் வந்ததையும் சேர்த்து வைக்கின்றன. ஹைப்பொதசிஸ் என்ற கருவி முன்னும் பின்னும் 32 எழுத்துக்குறிகளை எடுத்து வைக்கிறது. ஒரே சொற்றொடர் பக்கத்தில் நான்கு இடத்தில் வந்தாலும், அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டு எது நம்முடையது என்று பிரித்தறியலாம். பக்கத்தை எழுதியவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலும் ஏறத்தாழ ஒத்துப்போகும் இடத்தை அது தேடிப் பிடித்துவிடும். அந்தப் பந்தியையே நீக்கிவிட்டால்? குறிப்பு அழிவதில்லை. இடம் இழந்த குறிப்புகள் என்று தனியே ஒரு பட்டியலில் வந்து நிற்கும். நாம் தெரிவு செய்த பழைய வரி அதனுள் இன்னும் இருக்கும். செய்தித் தளங்கள் சத்தமில்லாமல் ஒரு வரியை மாற்றும்போது, முதலில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு பழக்கம்: மிகச் சிறிய துண்டைத் தெரிவு செய்யாதீர்கள். ஆண்டு இலக்கத்தை மட்டும் நிறமிடுவதைவிட, அந்த ஆண்டு வரும் முழு வாக்கியத்தையும் தெரிவு செய்தால் பிறகு கண்டுபிடிப்பது உறுதி.

தமிழுக்கே உரிய மூன்று சிக்கல்கள்

ஆங்கிலப் பக்கங்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை இருக்காது. ஆனால் தமிழில் வாசிப்பவர் முதல் கிழமையிலேயே இவற்றில் முட்டிக்கொள்வார்.

முதலாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். நம் ஊரின் பெயரையே எடுங்கள். "கொழும்பு" என்பதில் உள்ள "கொ"வை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றது. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. யுனிகோடு விதிப்படி இரண்டும் சமம் என்றாலும், எல்லாக் கருவிகளும் ஒப்பிடுவதற்கு முன் அவற்றைச் சமப்படுத்துவதில்லை. அப்போது கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினாலும் "இல்லை" என்றே வரும். "கௌரவம்" போன்ற சொற்களில் இது இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டச்சு செய்தவர்கள் ஏராளம். தேடிக் கிடைக்காவிட்டால் உங்கள் விசைப்பலகையில் தட்டச்சு செய்வதை விட்டு, அந்தப் பக்கத்தில் இருந்தே சொல்லைப் பிரதி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, பாமினி. யுனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் பெரும்பாலும் இந்த எழுத்துருதான். இன்றும் பல சுற்றறிக்கைகளும் பாட நோட்ஸுகளும் அதில் தயாரித்த பிடிஎஃப் கோப்புகளாகவே வருகின்றன. திரையில் அழகான தமிழ். "தமிழ்" என்ற சொல்லைத் தெரிவு செய்து பிரதி எடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கோப்பினுள் இருப்பது அதுதான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. இப்படிப்பட்ட கோப்பில் நிறமிடலாம், குறிப்பு எழுதலாம். ஆனால் தெரிவு செய்த வரி குறிப்புக்குள் ஆங்கில எழுத்துக் குழப்பமாகவே பதியும். அதனால் பாமினிக் கோப்பில் எழுதும்போது முக்கியமான வரியின் சாரத்தை உங்கள் குறிப்பிலேயே யுனிகோடில் எழுதிவிடுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் இலவசத் தளங்களும் இருக்கின்றன.

மூன்றாவது நம் மொழியின் இயல்பு. தமிழில் சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். "கொழும்பு" என்று தேடினால் "கொழும்பில்" என்று எழுதிய குறிப்பு கிடைக்காது. உகரம் கெட்டுப் போயிருக்கும். "கொழும்" என்ற அளவோடு நிறுத்தித் தேடினால் இரண்டும் வரலாம், அதுவும் சொல்லின் பகுதியைத் தேடிக் கொடுக்கும் கருவிகளில் மட்டும். பெயர்களோ இன்னும் தொல்லை. ஒரே ஆணைக்குழுவை ஒருவர் டொனமூர் என்பார், இன்னொருவர் டொனமோர் என்பார், மூன்றாமவர் டொனொமோர் என்று எழுதுவார். இதற்கு மருந்து குறிச்சொல், அதாவது டேக். கருவிகள் பெரும்பாலானவற்றில் குறிப்போடு டேக் சேர்க்கலாம். அந்த டேக்கை எப்போதும் உருபு சேராத பெயராக, ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் டேக் பட்டியலை எழுதி வைத்தால் இன்னும் நல்லது. தமிழில் குறிப்பெடுப்பவருக்கு டேக் ஓர் அலங்காரமல்ல. தேடல் தவறும்போது கைகொடுப்பது அது ஒன்றுதான்.

கருவியே இல்லாமல் ஒரு தொடக்கம்

எதையும் நிறுவாமல் இன்றே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கணினியில் குரோம் உலாவியில் ஒரு வாக்கியத்தைத் தெரிவு செய்து, வலது பொத்தானை அழுத்துங்கள். நிறமிட்ட பகுதிக்கான லிங்கைப் பிரதி எடுக்கும் தெரிவு ஒன்று வரும். அந்த லிங்கை ஒருவருக்கு அனுப்பினால், அவர் திறக்கும்போது பக்கம் நேரே அந்த வாக்கியத்துக்குச் சென்று அதை நிறமிட்டுக் காட்டும். கணக்குத் தேவையில்லை, பதிவு தேவையில்லை. குரோமில் 2020இலும் சஃபாரியில் 2022இலும் ஃபயர்பொக்ஸில் 2024இலும் இந்த வகை லிங்குகள் வேலை செய்யத் தொடங்கின.

இதன் நுட்பம் மேலே சொன்னதுதான்: வாக்கியத்தின் சொற்களே முகவரியின் வாலில் ஒட்டப்படுகின்றன. தமிழ் லிங்க் மட்டும் ஏன் அப்படிப் பூதாகாரமாக இருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். முகவரியில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படும். "தமிழ்" என்ற சொல்லில் கணினி எண்ணும் குறிகள் ஐந்து; லிங்கில் அது 45 குறிகளாக நீண்டுவிடும். பயப்பட ஒன்றுமில்லை, வேலை செய்யும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது நடுவில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குறை என்னவென்றால் உங்கள் சொல்லை எழுத இங்கே வழியில்லை. வரி இருக்கும் இடம் பதிகிறது, உங்கள் எண்ணம் பதிவதில்லை. ஆகவே அந்த லிங்கை ஒரு குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். கூகுள் கீப், வன்நோட், போனோடு வரும் சாதாரண நோட்ஸ் செயலி எதுவானாலும் சரி. சின்ன வேலைகளுக்கு இதுவே தாராளம்.

ஹைப்பொதசிஸ்

பாடமாக வாசிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான். 2011இல் டான் வேலி என்பவர் தொடங்கிய திறமூலத் திட்டம், அதாவது நிரலை யாரும் பார்க்கத் திறந்து வைத்த திட்டம் இது. டபிள்யூ3சி தரத்தைப் பின்பற்றுகிறது. கணினியில் குரோமுக்கு ஒரு நீட்சியாக (எக்ஸ்டென்ஷனாக) சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வாக்கியத்தைத் தெரிவு செய்தவுடன் இரண்டு தெரிவுகள் மேலெழும்: நிறம் மட்டும் பூசுவது, அல்லது குறிப்பு எழுதுவது. குறிப்பு என்றால் வலப்பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும், தமிழில் எழுதலாம், டேக் போடலாம், சேமிக்கலாம். பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் நான்கைந்து சொற்களுக்கு மேல் தெரிந்திருக்கத் தேவையில்லை. குறிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி லிங்க் உண்டு என்பது இதன் பெரிய பலம்.

வீட்டில் கணினி இல்லாமல் போனில் மட்டும் படிப்பவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம் நீட்சிகளை ஏற்காது. அதற்கு ஒரு மாற்று வழி: ஹைப்பொதசிஸ் தளத்திலேயே, வாசிக்க வேண்டிய பக்கத்தின் லிங்கை ஒட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஒட்டினால் அந்தப் பக்கம் குறிப்புப் பட்டையோடு சேர்ந்து திறக்கும். எல்லாத் தளங்களிலும் இது சரிவராது, குறிப்பாக லொகின் கேட்கும் பக்கங்களில். சாதாரணக் கட்டுரைகளுக்குப் போதும்.

இதே வேலையை 2006 முதல் டீகோ என்ற சேவையும் செய்து வருகிறது. நிறங்களும் ஒட்டுக்குறிப்புகளும் அதில் நன்றாக இருக்கும். இலவசக் கணக்கில் வரம்புகள் இருப்பதால் நான் அதை இரண்டாவதாகவே சொல்வேன்.

என்ன எழுதுவது?

கருவியைக் கற்றுக்கொள்ள பத்து நிமிடம் போதும். குறிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பக்கம் முழுவதும் மஞ்சள் பூசிவிட்டு ஓரத்தில் "முக்கியம்" என்று எழுதி வைத்தால், இரண்டு மாதம் கழித்து அது உங்களுக்கு எதையும் சொல்லாது. எல்லாம் முக்கியமாக இருந்ததால்தானே வாசித்தீர்கள்.

உதாரணத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவி, இலங்கையின் அரசியலமைப்பு வரலாறு பற்றிய பக்கம் ஒன்றில் இந்தக் கருத்துள்ள வாக்கியத்துக்கு வருகிறார் என்று வைப்போம்: டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அவர் அந்த வாக்கியத்தை முழுவதுமாகத் தெரிவு செய்து இப்படி எழுதலாம்: "21 வயதுக்கு மேல் ஆண், பெண் இருபாலாருக்கும். பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வயதில் வாக்குரிமை கிடைத்தது 1928இல். இடைவெளி மூன்று ஆண்டு மட்டும்! குடியேற்ற நாடு ஒன்றுக்கு இவ்வளவு சீக்கிரம் ஏன்?"

இதில் பக்கம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேறொரு தகவலோடு ஒப்பீடு இருக்கிறது, ஒரு கேள்வியும் இருக்கிறது. அடுத்த கிழமை வேறொரு பக்கத்தில், மலையகத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தமிழர்களின் வாக்குரிமைக்கு வதிவிட நிபந்தனை விதிக்கப்பட்டது என்று அவர் வாசிக்கிறார். அங்கேயும் ஒரு குறிப்பு: "சர்வசனம் என்றாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. முந்தைய குறிப்போடு சேர்த்துப் பார்." முதல் குறிப்பின் லிங்கை இதற்குள் ஒட்டுகிறார். இரண்டுக்கும் "டொனமூர்" என்ற ஒரே டேக். பின்னர் 1931 தேர்தலை யாழ்ப்பாணத்தில் பகிஷ்கரித்தது பற்றிய பக்கம் வருகிறது, அதுவும் அதே டேக்கின் கீழ் சேர்கிறது. கட்டுரை வினா ஒன்றுக்கு விடை எழுத உட்காரும்போது டேக்கை அழுத்தினால் மூன்று தளங்களில் இருந்து மூன்று வரிகளும் மூன்று எண்ணங்களும் ஒரே திரையில் நிற்கும். ஒவ்வொன்றையும் அழுத்தி மூலப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். நோட்ஸை யாரோ எழுதிக் கொடுக்க மனனம் செய்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நம் பிள்ளைகள் இந்த இரண்டாவது வழிக்கு வரவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்கிருக்கும் காரணம்.

பிழை என்று தோன்றுவதையும் குறித்து வையுங்கள். இரண்டு தளங்கள் இரண்டு ஆண்டுகளைத் தந்தால் இரண்டிலும் "இது வேறுபடுகிறது, சரிபார்" என்று எழுதுவது, எதையாவது ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

நீண்ட வேலைக்கு சொட்டெரோ

பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை, பத்திரிகை எழுத்து, குடும்ப வரலாறு போன்ற வேலை என்றால் சொட்டெரோவுக்குப் போய்விடுங்கள். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்த இலவசத் திறமூல மென்பொருள் இது. ஹைப்பொதசிஸ் பக்கத்துக்கு மேலே குறிப்பை விரிக்கிறது என்றால், சொட்டெரோ பக்கத்தின் பிரதியையே எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்கிறது. 2024இல் வந்த ஏழாவது பதிப்பு முதல் அந்தப் பிரதியின் மீது நேரடியாக நிறமிட்டுக் குறிப்பு எழுதலாம். மூலப் பக்கம் நாளைக்கு மறைந்தாலும் உங்கள் வரி உங்களிடம் இருக்கும். டேட்டா முடிந்துபோன மாதக் கடைசியிலும் வேலை நடக்கும். இணையத்தில் ஒத்திசைத்து வைக்க 300 எம்பி இலவசம்; குறிப்புகளுக்கு அது போதும், பெரிய பிடிஎஃப் கோப்புகளுக்குப் பற்றாது.

ஈழத்து எழுத்துகளைத் தேடுபவர்களுக்கு இது இன்னொரு விதத்திலும் உதவும். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிமத் தளத்தில் நம் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பிடிஎஃப் கோப்புகளாகக் குவிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்த படங்கள். படத்தில் எழுத்துகளைத் தெரிவு செய்ய முடியாது என்பதால் சாதாரண நிறமிடும் கருவி அங்கே தோற்றுவிடும். சொட்டெரோவில் பக்கத்தின் ஒரு பகுதியைச் சுற்றிப் பெட்டி வரையும் கருவி இருக்கிறது. வேண்டிய பந்தியைச் சுற்றிப் பெட்டி வரைந்து, பக்கத்தில் அதன் சாரத்தை யுனிகோடில் எழுதுங்கள். அந்தப் பந்தியின் படமும் பக்க எண்ணும் உங்கள் குறிப்போடு சேர்ந்தே இருக்கும். முழுப் பந்தியையும் எழுத்தாக மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்து பாருங்கள். தெளிவான அச்சு என்றால் தமிழை ஓரளவு நன்றாகவே வாசித்துத் தருகிறது. பழைய அச்சுகளில் பிழை வரும், கட்டாயம் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

சேவை மூடப்படும் நாள்

குறிப்புச் சேவைகள் நிரந்தரமானவை அல்ல. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. வாசிக்க வேண்டியதைச் சேமித்து வைக்கும் பொக்கெட் 2007இல் தொடங்கி, 2017இல் மொசில்லாவின் கைக்குப் போய், 2025 ஜூலை 8ஆம் திகதி மூடப்பட்டது. அதுபோன்ற ஒம்னிவோர் 2024 நவம்பரில் நின்றது. எவர்நோட் என்ற குறிப்பேட்டுச் செயலி 2023இன் இறுதியில் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகளோடும் ஒரே ஒரு குறிப்பேட்டோடும் மட்டுப்படுத்தியது; ஆண்டுக்கணக்காக அதில் எழுதி வந்தவர்களுக்கு அது பேரிடி. சேவைகள் மட்டுமல்ல, பக்கங்களும் மறைகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் திறக்க முடியாமல் போய்விட்டன.

ஆகவே எந்தக் கருவியில் கைவைக்கும் முன்பும் ஒரு கேள்வி: என் குறிப்புகளை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? ஹைப்பொதசிஸில் முடியும், சொட்டெரோவில் முடியும், கூகுள் கீப்பில் இருப்பதை கூகுள் டேக்கவுட் மூலம் எடுக்கலாம். ஒப்சிடியன், ஜொப்ளின் போன்ற குறிப்பேடுகள் உங்கள் எழுத்தை உங்கள் கணினியிலேயே சாதாரண எழுத்தாக வைத்திருப்பவை அல்லது அப்படி வெளியே எடுக்கத் தருபவை. வழியில்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூலப் பக்கத்துக்கு ஒரு காப்பு, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். முக்கியமான பக்கத்தின் முகவரியை அதில் கொடுத்து அன்றைய பிரதியைச் சேமிக்கச் சொல்லலாம். அந்தப் பிரதியின் லிங்கைக் குறிப்பின் அடியில் ஒட்டி விடுங்கள்.

யார் பார்க்கலாம்?

ஹைப்பொதசிஸில் புதிதாக எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம், குறிப்பைச் சேமிக்கும் பொத்தானின் பக்கத்தில் உள்ள சிறிய தெரிவு. தொடக்கத்தில் அது பொது என்று இருக்கும். அப்படியே அழுத்தினால் உங்கள் குறிப்பை உலகமே வாசிக்கலாம்; அதற்கு நீங்கள் பதிப்புரிமை கோரவும் முடியாது. எனக்கு மட்டும் என்று மாற்றிவிட்டுப் பழகுங்கள். பொதுவில் எழுதுவதும் இணையத்தில் ஒன்றை வெளியிடுவதுதான். ஒருவரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் குறிப்பு ஓரத்தில் இருப்பதால் மட்டும் பொறுப்பு குறைந்துவிடாது. பொதுச் சுவர் போல யாரும் எதையும் எழுதலாம் என்று வந்த முயற்சிகள் முன்னரும் நிலைக்கவில்லை: 1999இல் வந்த தேர்ட் வொய்ஸ், தளம் நடத்துபவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையில் 2001இல் மூடப்பட்டது, கூகுளின் சைட்விக்கி 2009இல் வந்து 2011இல் போனது.

பொதுவுக்கும் தனிமைக்கும் நடுவே குழு இருக்கிறது. என் கணிப்பில் நம் மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது அதுதான். ஹைப்பொதசிஸில் இலவசமாக ஒரு தனிக் குழு தொடங்கி, அழைப்பு லிங்கை மூன்று நான்கு நண்பர்களுக்கு அனுப்பினால், ஒரே பக்கத்தில் அவர்கள் எழுதுவது அவர்களுக்கு மட்டும் தெரியும். ஒருவர் எழுதிய கேள்விக்குக் கீழேயே மற்றவர் பதில் எழுதலாம். ஒரு கிழமைக்கு ஒரு கட்டுரை என்று வைத்து, முதலில் எல்லோரும் தனித்தனியே வாசித்துக் குறிப்பெழுதி, சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துப் பேசுங்கள். பெரிய குழு வேண்டாம். ஐந்து பேருக்கு மேல் போனால் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டேக் எழுத்துக்கூட்டலை முதல் நாளே பேசித் தீர்த்து ஓரிடத்தில் எழுதி வையுங்கள். குறிப்புகளை மாதத்துக்கு ஒருமுறை கோப்பாக எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதை ஒருவர் பொறுப்பேற்கட்டும், அடுத்த மாதம் இன்னொருவர்.